அந்த உடுப்பைத் தைத்தது யார்?

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்ற ரசிகர் விழா முதன்முறையாக நடந்தது. காமிக்ஸ், அனிமே, வீடியோ கேம் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு இளைஞர்கள் வந்தார்கள். இந்த வேடமணியும் கலைக்குக் காஸ்ப்ளே என்று பெயர். அதைப் பற்றிப் படித்தவர்கள் மத்தியில் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. 25 வயதில் என்ன மாறுவேட விளையாட்டு? வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்கிறார்கள். நிஜ வாழ்க்கைக்கு முகம் கொடுக்கத் துணிவில்லாமல் முகமூடிக்குள் ஒளிகிறார்கள். வீட்டுக் கூடத்திலிருந்து பத்திரிகைப் பத்தி வரை இதையே கேட்கிறேன். சொல்பவர்களில் பலர் கலை இலக்கியத்தில் நல்ல பழக்கம் உள்ளவர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்தத் தீர்ப்பு அடிப்படையிலேயே தவறு. ‘இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது’ என்று நடுவில் நிற்க எனக்கு விருப்பமில்லை. தீர்ப்புச் சொல்பவர்கள் பார்ப்பது அரங்கில் நடக்கும் ஒரு நாளை மட்டும். காஸ்ப்ளேயின் பெரும்பகுதி அந்த நாள் விடிவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, ஒட்டுவது, தேய்ப்பது, சாயம் ஏற்றுவது எனப் பல வாரங்கள் போகும். அது கைவேலை. உடுத்தி நிற்பது அந்த வேலையின் கடைசிப் படி.

வேலையைப் பார்க்காமல் வேடத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் இந்தக் கலை பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளம் ரசிகர், எதிர்காலத்து மனிதனைப் போலத் தோளில் விரியும் மேலங்கி அணிந்து அங்கே நடமாடினார். 1936இல் வெளியான ‘திங்ஸ் டு கம்’ படத்தின் உடைகளும், அறிவியல் கதைப் பத்திரிகைகளுக்கு ஃபிராங்க் பால் வரைந்த ஓவியங்களும் அந்த உடைக்கு மூலம். அவருடன் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் அதே பாணி உடையில் வந்தார். இரண்டு உடைகளையும் உருவாக்கித் தைத்தவர் அந்த மிர்ட்டில்தான். ஆனால் மாநாட்டுக்கு முதலில் வேடமணிந்து வந்தவர் என்ற பெருமை பல பத்தாண்டுகள் ஆக்கர்மன் பெயரிலேயே இருந்தது. மிர்ட்டில் ‘கூட வந்தவர்’ ஆனார். 1964இல் அவர் இறந்தார். அவருடைய பங்கை ரசிகர் வரலாறு உரக்கச் சொல்லத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

அடுத்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் மாறுவேடப் போட்டியே வைத்தார்கள். ஃப்ளாஷ் கார்டன் கதையில் வரும் கொடுங்கோலன் மிங்காக வந்த டேவிட் கைலுக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்த உடையைச் செய்தவர் லெஸ்லி பெர்ரி. அவரும் பெண்தான். கதை எழுதியவரின் பெயரையும் படம் வரைந்தவரின் பெயரையும் மறக்காத அதே ரசிகர் கூட்டம், ஊசியும் நூலும் பிடித்த கையின் பெயரை இவ்வளவு எளிதாக மறந்தது. தையல் வீட்டுப் பெண்களின் வேலை, அதற்கு ஆசிரியர் என்று யாரும் கிடையாது என்ற நினைப்புதான் காரணம். இன்று காஸ்ப்ளேயை ‘வெறும் வேஷம்’ என்று ஒதுக்குகிறவர்களும் அதே நினைப்பில்தான் பேசுகிறார்கள்.

ஆகவே அந்த வேலையைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு மார்புக் கவசம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் அது உருக்கு. செய்கிறவர் கையில் இருப்பது குழந்தைகள் அறையில் விரிக்கும் பாய்க்குப் பயன்படும் ஈவிஏ ஃபோம். முதலில் உடம்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, அதில் கவசத்தின் கோடுகளை வரைய வேண்டும். தனக்குத்தானே வரைய முடியாது. தங்கையோ நண்பனோ வேண்டும். பிறகு அதைக் கழற்றி, கோட்டோடு துண்டு துண்டாக வெட்டி, தட்டையாக்கி, தாளில் படியெடுத்து, ஃபோமில் வெட்டுகிறார்கள். வளைந்த உடம்பைத் தட்டைத் துண்டுகளாகப் பிரிப்பதும், தட்டைத் துண்டுகளை மறுபடி வளைந்த உடம்பாக்குவதும் தேர்ந்த தையற்காரருக்கே சவாலான கணக்கு. பிளேடு கொஞ்சம் சாய்ந்தால் இரண்டு விளிம்பும் சேராது. விளிம்புகள் இரண்டிலும் பசை தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அதன்பின் அழுத்த வேண்டும். அழுத்தியது அழுத்தியதுதான், நகர்த்தித் திருத்த முடியாது.

அடுத்து ஹீட் கன். சூடு பட்டதும் ஃபோமின் மேற்பரப்பு மூடிக்கொண்டு லேசாகப் பளபளக்கும். அந்தச் சில நொடிகளில் முழங்காலின் மேல் வைத்து வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் அதிகம் சூடாக்கினால் கருகிச் சுருங்கிவிடும். பிறகு அடிப்பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. அடிப்பூச்சைக் குறைத்தால் உடம்பு அசையும்போது வண்ணத்தில் விரிசல் விழும். வெள்ளி வண்ணம் அடித்து முடித்த பிறகு நீர்த்த கறுப்பைப் பூசித் துணியால் துடைத்தெடுக்கிறார்கள். பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி, பல போர் கண்ட இரும்பின் அழுக்கு வந்துவிடும். புதிய பொருளுக்கு வயதைக் கொடுப்பது இது. கோயில் சிற்பத்தின் தேய்மானத்தை மணிக்கணக்கில் வியந்து பேசுகிற நாம், ஒரு கல்லூரி மாணவி மொட்டைமாடியில் அமர்ந்து அதே தேய்மானத்தைக் கையால் உண்டாக்குவதை ஏன் ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை?

அத்தனையும் செய்த பின், அதற்குள் ஒரு மனிதர் நாள் முழுக்க இருக்க வேண்டும். உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கழிப்பறை போக வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் மயங்கி விழாமல் இருக்க வேண்டும். எங்கே கொக்கி வைத்தால் வெளியே தெரியாது, எந்தப் பட்டையை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பதெல்லாம் யோசித்து வைத்த பொறியியல். சினிமாவில் இதே வேலையைச் செய்தால் உடை வடிவமைப்பாளர் என்கிறோம், தேசிய விருது தருகிறோம். வீட்டில் செய்தால் பொழுதுபோகாத வேலை என்கிறோம்.

இந்த வேலையை எடைபோட இவர்களுக்குள்ளேயே கறாரான முறைகள் இருக்கின்றன. நல்ல போட்டிகளில் மேடைக்கு முன்பே நடுவர்கள் உடையை அருகில் வைத்துப் பார்க்கிறார்கள். தையலின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். எதை எதால் செய்தாய், ஏன் இந்தத் துணி என்று கேட்பார்கள். செய்முறைப் படங்களைக் காட்டச் சொல்வார்கள். ஜப்பானின் நகோயா நகரில் 2003இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய உலக காஸ்ப்ளே மாநாடு, 2005 முதல் நாடுகளுக்கிடையிலான போட்டியையும் நடத்துகிறது. நாட்டுக்கு இருவர், உடை அவர்கள் கையால் செய்தது, அதை அணிந்து மேடையில் சில நிமிட நாடகம். 2005இல் இத்தாலியும் 2006இல் பிரேசிலும் 2016இல் இந்தோனேசியாவும் வென்றன. ஜப்பானியக் கதாபாத்திரங்களை ஜப்பானிய மண்ணிலேயே ஜப்பானியரைவிட நன்றாகச் செய்து காட்டிப் பரிசு வாங்க, ஆசை மட்டும் போதாது.

வயதைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நம் பள்ளி ஆண்டுவிழாவில் மாறுவேடப் போட்டி இல்லாத ஆண்டு உண்டா? வாடகைக் கடையில் எடுத்த தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் மாட்டி, மையால் மீசை வரைந்து, யூகேஜி பிள்ளையைப் பாரதியாராக மேடையில் நிறுத்துகிறோம். பிள்ளை இரண்டு வரி சொல்லிவிட்டு அழுதுகொண்டே இறங்குகிறது. நாம் கைதட்டுகிறோம். அந்தப் பிள்ளை அங்கே எதையும் தேர்வு செய்யவில்லை, எதையும் உருவாக்கவில்லை. 25 வயதில் ஒருவர் தனக்குப் பிடித்த பாத்திரத்தைத் தானே தேர்ந்து, தானே தைத்து, தன் சம்பாத்தியத்தில் துணி வாங்கி நின்றால் மட்டும் அது சிறுபிள்ளைத்தனம் ஆகிவிடுமா? இரண்டில் முதிர்ச்சியுள்ள செயல் எது என்பதை வாசகரே சொல்லட்டும்.

கம்பெனி விளம்பரம் என்ற குற்றச்சாட்டுதான் அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது. அதனால் அதற்கு முழுப் பதிலும் சொல்ல வேண்டும். ஸ்டார் வார்ஸ் படங்களில் வெள்ளைக் கவசம் அணிந்த படைவீரர்கள் வருவார்கள் அல்லவா? அந்தக் கவசத்தைத் தாங்களே செய்து அணியும் ரசிகர்களுக்காக 1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் 501ஆம் படையணி என்ற அமைப்பைத் தொடங்கினார். அது ரசிகர்கள் வைத்த பெயர். 2004இல் திமோதி ஸான் தன் ஸ்டார் வார்ஸ் நாவலில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அதன்பின் அது அதிகாரபூர்வக் கதையிலேயே ஒரு படையணியாகிவிட்டது. ‘த மாண்டலோரியன்’ என்ற ஸ்டார் வார்ஸ் தொடரை எடுத்தபோது, ஒரு பெரிய காட்சிக்குப் படப்பிடிப்புக் குழுவிடம் போதுமான கவசங்கள் இல்லை. அந்தப் படையணியின் ரசிகர்களை அழைத்தார்கள். அவர்கள் வீட்டில் செய்த கவசங்களோடு போய்க் கேமரா முன் நின்றார்கள். கதை கம்பெனியுடையது, அது உண்மை. ஆனால் கம்பெனியிடமே இல்லாத திறமையும் பொருளும் ரசிகர் வீட்டில் இருந்தன. விளம்பரப் பலகைக்கு இப்படி ஒரு வரலாறு இருக்காது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2017இல் தீர்ப்பான ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். வழக்கு இரண்டு சீருடைக் கம்பெனிகளுக்கு இடையே. ஆடையில் உள்ள வடிவங்களுக்குப் பதிப்புரிமை எதுவரை செல்லும் என்பது கேள்வி. அதில் வேடமணியும் ரசிகர் அமைப்புகள் நீதிமன்ற நண்பர்களாக மனுக் கொடுத்தன. உரிமையின் எல்லை தெளிவில்லாமல் போனால் கையால் உடை செய்கிறவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது அவர்கள் கவலை. கம்பெனியின் ஊதியமில்லாத ஊழியர்கள் கம்பெனிகளின் உரிமைக்கு எல்லை கேட்டு நீதிமன்றம் போகமாட்டார்கள்.

தப்பித்தல் என்கிறார்களே, அதற்கும் அந்த ஆல்பின் ஜான்சன் வாழ்க்கையையே காட்டுவேன். 1994இல் நடந்த கார் விபத்தின் விளைவாக அவர் ஒரு காலை இழந்தவர். படையணி வளர்ந்தபோது அவர் மகள் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய் வந்தது. படத்தில் ஆர்2-டி2 என்ற இயந்திரம் கதாநாயகியைக் காவல் காப்பதுபோலத் தனக்கும் ஒன்று காவல் இருக்க வேண்டும் என்று அந்தச் சிறுமி ஆசைப்பட்டாள். இயந்திரங்களை வீட்டிலேயே கட்டும் ரசிகர்கள் ஒன்றுகூடி இளஞ்சிவப்பில் ஒன்றைச் செய்தார்கள். 2005 ஆகஸ்டில் கேட்டி இறந்துபோனாள். அவள் பெயரால் ஆர்2-கேடி எனப்பட்ட அந்த இயந்திரம் பிறகு நோயுற்ற குழந்தைகளுக்கான நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் வலம் வந்தது. 2015இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்திலும் ஒரு காட்சியில் நிற்கிறது. அந்தப் படையணியினர் இன்றும் கவசத்தோடு மருத்துவமனை வார்டுகளுக்குப் போகிறார்கள். ஓரிகனில் ரயன் வைமர் என்ற தந்தை, தசைகள் செயலிழக்கும் நோயுள்ள தன் மகன்களின் சக்கர நாற்காலிகளைச் சுற்றிக் கப்பல் போன்ற வேடங்களைச் செய்யத் தொடங்கி, பிறகு மற்றக் குழந்தைகளுக்கும் இலவசமாகச் செய்துதர ஓர் அமைப்பையே கட்டினார். வாழ்க்கையின் மிகக் கடுமையான இடத்துக்கே உடுப்போடு போய் நிற்கிறவர்களைப் பார்த்து ஓடுகிறார்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

பெண்கள் விஷயத்தில் இந்தத் தீர்ப்பு இன்னும் கொச்சையாகிறது. ‘உடம்பைக் காட்டத்தான் இந்த உடுப்பு’ என்பார்கள். அப்படிப் பேசுகிற வாய்தான் அரங்கில் தொடும் கைக்குத் துணிச்சல் கொடுக்கிறது. 2014இல் நியூயார்க் காமிக் கானில் வேடம் அணிந்திருப்பது சம்மதம் ஆகாது என்று பெரிய பலகைகள் வைக்க வேண்டியிருந்தது. தொடுவதற்கும் படமெடுப்பதற்கும் முதலில் கேள் என்பது அதன் செய்தி. பலகை வைக்கும் நிலையை உண்டாக்கியவர்கள் உடை தைத்த பெண்கள் அல்லர். அந்தப் பலகையைக் கேட்டுப் போராடி வாங்கியவர்கள்தாம் அவர்கள். ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் டோக்கியோவில் 1975 முதல் நடக்கும் காமிகெட் காமிக்ஸ் விழாவின் விதிகளைப் பார்க்கலாம்: வீட்டிலிருந்து வேடத்தோடு வரக்கூடாது, வேடத்தோடு திரும்பக்கூடாது, உடையை அரங்கில்தான் மாற்ற வேண்டும், அனுமதி பெறாமல் படமெடுக்கக்கூடாது.

காஸ்ப்ளே உலகில் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறவெறி இருக்கிறது. சாக்கா கம்பர்பேட்ச் என்ற கறுப்பினப் பெண் செய்லர் வீனஸ் என்ற அனிமே பாத்திரமாக வேடமணிந்த படம் பரவியபோது, அந்தப் பாத்திரத்துக்கு இந்தத் தோல் பொருந்தாது என்று வசைமாரி பொழிந்தார்கள். அதை அவர் 2013இல் வெளிப்படையாக எழுதினார். 2015 பிப்ரவரியில் கறுப்பினக் காஸ்ப்ளேக்காரர்களின் படங்களை மாதம் முழுக்க முன்வைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். மாநிறப் பெண்ணை ‘நீ இந்த வேஷத்துக்கு எடுபடமாட்டாய்’ என்று சொல்லும் வழக்கம் நம் ஊர் நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் புதிதல்ல. அதனால் அவர் எழுதியது எனக்கு நெருக்கமாகப் படுகிறது. இன்னொரு குறை, கடையில் வாங்கிய மலிவு உடுப்பும் நிகழ்ச்சி முடிந்ததும் குப்பைக்குப் போகும் ஃபோமும். மட்காத பொருள் அது. இதைத் தட்டிக்கேட்க வேண்டும், உள்ளிருந்தே கேட்க வேண்டும். ஆனால் இந்தக் குறைகளைக் காட்டிக் கலையையே தள்ளுவது நியாயம் ஆகாது. சாயக்கழிவு ஆற்றில் கலந்தது என்பதற்காக நாம் நெசவை இழிவாகப் பேசவில்லை.

கடைசியாக, ‘இது நம் மண்ணுக்கு ஒட்டாது’ என்பது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் ஆயிரக்கணக்கானோர் வேடம் கட்டுகிறார்கள். காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் போலீசாகவும் குறவன் குறத்தியாகவும் வீடுவீடாகப் போய்க் காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். காளி வேடக்காரர் கனமான கிரீடத்தையும் விரதத்தையும் சேர்த்தே சுமக்கிறார். வட தமிழ்நாட்டுக் கூத்துக்கலைஞர் மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடமும் தோள்கட்டையும் கட்டிக்கொண்டு விடியும்வரை ஆடுகிறார். காஸ்ப்ளே இவற்றின் வாரிசு என்று நான் உரிமை கொண்டாடவில்லை. நேர்த்திக்கடன் வேறு, கூத்தின் தொழில் வேறு, ரசிகரின் அன்பு வேறு. நான் சொல்வது அதைவிடக் குறைந்தது, ஆனால் மறுக்க முடியாதது. வேடம் கட்டுவதற்குப் பின்னால் எவ்வளவு பாடு இருக்கிறது என்று நேரில் கண்டு வளர்ந்த சமூகம் நாம். அந்தக் கண், பாத்திரத்தின் பெயர் ஜப்பானியப் பெயர் என்றதும் மங்கிப்போக வேண்டியதில்லை. கம்பனும் கடல்கடந்த கதைகளும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு.

இந்தியாவில் காமிக் கான் 2011இல் டெல்லியில் தொடங்கியது. அன்றிலிருந்து, தையலும் தச்சும் வண்ணவேலையும் கற்றுக்கொள்ள யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு தலைமுறை, படிப்புக்கும் வேலைக்கும் நடுவே தானாக அவற்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மேசையில் ஃபோம் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தால் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். பசையின் நெடிக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள், டேப் பிடிக்க ஒரு கை கொடுங்கள். அரங்கில் யாரையாவது பார்த்தால், முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முழுதும் கேட்டுவிட்டு அதன்பின் உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்.